ஆப்பசைத்த குரங்கு: தாத்தாவின் ஜீப்பைத் திரும்ப ஓட வைத்த கதை

இந்த ஜீப்போடு நான் மல்லுக்கட்டிய பதினேழு மாதத்தில் கடைசி நான்கு மாதம் சுத்தமாக வீண். அதற்குக் காரணம் நான்தான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. முன்பக்கப் பட்டையை (வண்டியின் கனத்தைத் தாங்கும் அடுக்கு ஸ்பிரிங்) கழற்றியபோது கையோடு வந்த இரண்டு இரும்புத் துண்டை, இது எதற்கு இங்கே இருந்தது என்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். அதன் விளைவு என்ன, அதைக் கண்டுபிடிக்க எங்கெல்லாம் சுற்றினேன் என்பதுதான் இதில் பெரும்பகுதி. பெயிண்ட் அடித்தது, சீட் தைத்தது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வது, அதை ஓரிரண்டு வரியில் முடித்துவிடுகிறேன்.

வண்டி மகிந்திரா சிஜே-3பி. 1974-ல் பதிவானது, நம்பர் எம்.டி.யூ. வரிசை, அதாவது தேனி 1996-ல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு ரொம்ப முன்னால் மதுரையில் வாங்கிய நம்பர். இந்த மாடலை வில்லிஸ் கம்பெனி 1953-ல் அமெரிக்காவில் கொண்டுவந்தது. அதில் வைத்த ஹரிக்கேன் என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று உள்ளே வரும் வால்வு தலையிலும் புகை வெளியே போகும் வால்வு பிளாக்கிலும் இருக்கும், அதனால் எஞ்சின் உயரம் கூடிப்போனது, உயரம் கூடியதால் பானெட்டைத் தூக்க வேண்டி வந்தது. பழைய ஜீப்புகளில் நெற்றி மேடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது அப்படி வந்த முகம். அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். மகிந்திரா அதற்குப் பிறகும் பல ஆண்டு இதே உடம்பை விடவில்லை.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்துப் போடி. இங்கே ஜீப் என்பது ஆசைக்கு வைத்துக்கொள்ளும் வண்டி இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போடிமெட்டு ரோட்டைப் பார்த்தால் தெரியும், ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரிசையாக ஜீப் ஏறும், சாயங்காலம் அதே வரிசை இறங்கும். தாத்தாவுக்குப் பூப்பாறை பக்கம் கொஞ்சம் ஏலத் தோட்டம் இருந்தது, அதற்காக வாங்கிய வண்டி. பெட்ரோல் குடித்துக் கட்டுப்படியாகாமல் 1986-ல் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு 2350 சிசி டீசல் எஞ்சின் ஏற்றினார். பி-275 டிராக்டரில் வந்த இன்டர்நேஷனல் எஞ்சினின் கூடப்பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கனம். இந்தக் கனத்தை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

2017-ல் தாத்தாவுக்குக் கண் தெரியாமல் போனதும் வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. 2021-ல் அவர் போனார். சித்தப்பா விற்றுவிடலாம் என்றார், கேட்ட விலையும் மோசமில்லை. அப்பத்தாதான், "கெடக்கட்டும், அதென்ன சோறா கேக்குது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. 2023 ஜனவரியில் நான் கையை வைத்தேன். எனக்கு வேலை மதுரையில், சனி ஞாயிறு மட்டும்தான் போடி. அந்த ஜூனில் மதுரை–போடி ரயில் திரும்ப ஓட ஆரம்பித்தது பெரிய உதவி, ஒரு தடவை ரேடியேட்டரையே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கொட்டகையில் இருந்த நிலை இது. நான்கு டயரும் தரையோடு படுத்துக் கிடந்தன. டிரைவர் காலடியில் தகடு இல்லை, மேட்டைத் தூக்கினால் தரை தெரிந்தது. பிரேக் பெடல் ஒரே மிதியில் கீழே போய் அங்கேயே நின்றது. எஞ்சின் பிடித்திருக்குமோ என்று பயந்தேன், டீசல் பீய்ச்சும் நாசிலை எல்லாம் கழற்றி ஓட்டை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டு, முன் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் வெண்ணெய் போலச் சுற்றியது. தாத்தா எஞ்சினை நன்றாக வைத்திருந்தார். பம்பையும் நாசிலையும் மட்டும் கடையில் கொடுத்துச் சரிபார்த்து, ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றி, லைனில் காற்றை எடுத்துவிட்டதும் மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, அப்பத்தா வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போனது.

எஞ்சின் உயிர் பிடித்த தெம்பில் நான் செய்த முதல் தப்பு, நேராக உடம்பு வேலைக்குப் போனது. கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் அதில் ஒரு போதை இருக்கிறது. அடித்தளத்தை வெட்டி எடுத்து 16 கேஜ் தகடு வைத்து வெல்டிங், பட்டி, பிரைமர் என்று நான்கு மாதம் ஓடிப்போனது. ஹரியானா பக்கம் மண்டி டப்வாலியில் புது பாடியே வாங்கலாம் என்று சொன்னார்கள், உண்மைதான், அந்த ஊரே ஜீப் கட்டுவதற்குப் பேர்போனது. ஆனால் பின் பக்கவாட்டில் தாத்தா ஏலக்காய் மூட்டை கட்ட வைத்த கொக்கிகள் இருந்த பாடியை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க மனசு வரவில்லை. சரி, அது என் பைத்தியம். ஆனால் வரிசை தப்பு. பிரேக்கும் ஸ்டியரிங்கும் முதலில், பாடி கடைசி. புதுப் பெயிண்டின் மேல் பிரேக் ஆயில் சிந்தி அது தோல் போல உரிந்து வந்தபோதுதான் புத்தி வந்தது.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியில் அது இன்றைய வண்டி போல இல்லை. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு குழாயில் ஒரு சொட்டு ஓட்டை விழுந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் பெடலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கும், ஆயில் ஊற்ற வேண்டுமென்றால் காலடித் தகட்டில் ஒரு சின்ன மூடியைக் கழற்ற வேண்டும். யாரும் கழற்ற மாட்டார்கள், அதனால்தான் எல்லா ஜீப்பிலும் அது காய்ந்து கிடக்கும். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரு தனி டிரம்மில் இருக்கிறது, அது பிடிப்பது பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை. நான் மாஸ்டர், ஆறு அடி பைப், மூன்று ஹோஸ், நாலு வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றினேன். இதில் எதையும் "கிட் போட்டால் போதும்" என்று விடாதீர்கள், ஐந்து வருஷம் நின்ற சிலிண்டரில் உள்சுவர் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும், புது ரப்பரை ஒரே வாரத்தில் தின்றுவிடும்.

பின் டிரம்மைக் கழற்றியதுதான் மறக்க முடியாத வேலை. பின் ஆக்சில் முனை கூம்பாக இருக்கும், ஹப் அதில் இறுகி உட்கார்ந்திருக்கும், நட்டைக் கழற்றினால் வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பெரிய புல்லர் வாடகைக்கு எடுத்து, கைப்பிடியில் மூன்றடிப் பைப்பைச் செருகித் தொங்கிப் பார்த்தேன். சுத்தியல், டீசல், சூடு எதற்கும் அசையவில்லை. இருட்டிவிட்டது. புல்லரை முறுக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, நட்டை மட்டும் நாலு சுற்றுத் திரும்ப மாட்டிவிட்டுப் படுக்கப் போனேன். ராத்திரி ஒரு மணி இருக்கும், வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், தெரு நாயெல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் டிரம் நட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த நட்டை மாட்டாமல் போயிருந்தால் டிரம் எதிர்ச் சுவரில் இருந்திருக்கும். புல்லர் போடுகிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

டீசல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், ஏறக்குறைய 40 லிட்டர். உள்ளே கருப்புக் கூழ். சின்ன ஜல்லியும் சோப்புத் தண்ணீரும் போட்டு உருட்டினோம், தம்பியும் நானும் ஆளுக்கொரு முனை, அரை நாள். அடியில் இருந்த ஓட்டையை அடைக்க வெல்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு போனவனைத் தம்பிதான் தடுத்தான். அதற்கென்று ரேடியேட்டர் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், நன்றாகக் கழுவி ஆவி போக்கிப் பற்ற வைத்துத் தருவார்கள். டீசல்தானே என்று வீட்டில் டேங்க்கைப் பற்ற வைக்க முயற்சி செய்யாதீர்கள்.

இப்போது ஆப்புக் கதை.

2023 நவம்பர். முன்பக்கப் பட்டைகளில் இரண்டு பிளேட் உடைந்திருந்தது, மற்றவை தேய்ந்து ஒன்றில் ஒன்று பள்ளம் போட்டிருந்தன. புது செட் வாங்கிவிட்டேன். பட்டையை ஆக்சிலோடு கட்டும் பழைய யூ போல்ட் துருப்பிடித்துக் கழறாததால் கட்டர் போட்டு அறுத்தேன், ஆக்சிலை ஜாக்கியில் தூக்கியதும் பட்டை கீழே விழுந்தது, கூடவே ஒரு சேற்றுக் கட்டி விழுந்தது. தட்டிப் பார்த்தால் இரும்பு. ஏறக்குறைய ஐந்து அங்குல நீளம், பட்டையின் அகலமான ஒன்றே முக்கால் அங்குலம், நடுவில் ஒரு ஓட்டை. ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. மறுபக்கமும் அதே மாதிரி ஒன்று. பார்த்ததும் எனக்குத் தோன்றியது, எந்த மெக்கானிக்கோ இடைவெளி அடைக்க வைத்த உதவாக்கரைத் துண்டு என்று. புது பட்டையில் எல்லாம் புதுசாகப் பொருந்துகிறதே, பிறகெதற்கு இது? பழைய பிளேட்டோடு சாக்கில் போட்டேன். அடுத்த வாரம் இரும்புக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கே ஒரு துப்புக் கிடைத்தது, நான் அதைக் கவனிக்கவில்லை. பழைய பட்டையின் பிளேட்டுகளைக் கோர்க்கும் சென்டர் போல்ட் தலை, புதுசைவிட விரல் அகலம் உயரமாக இருந்தது. அந்தக் காலத்தில் இப்படித்தான் வருமோ என்று நினைத்துக்கொண்டேன். ஒரு போல்ட் தலையை யாரும் வேலையற்றுப்போய் லேத்தில் உயரமாகக் கடைந்து வைக்க மாட்டார்கள் என்று யோசிக்க ஒரு நிமிஷம் போதும், அந்த ஒரு நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை.

2024 ஜனவரி கடைசியில் முதல் ஓட்டம். போடியிலிருந்து முந்தல் போகும் ரோடு, விடியற்காலை, ஆள் நடமாட்டம் இல்லை. 30 கி.மீ. வரை சொர்க்கம். 40-ஐத் தொட்டபோது வலது முன்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவ்வளவுதான், ஸ்டியரிங் இடதும் வலதுமாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. லேசாக நடுங்கியது என்று நினைத்துவிடாதீர்கள், சாமி வந்தவர் தலையை ஆட்டுவது போல முன்பக்கம் முழுக்க ஆடுகிறது, பானெட் கொக்கி தெறித்துவிட்டது, கண்ணாடி சட்டம் கடகடவென்று அடிக்கிறது. பிரேக் அடித்து 15 கி.மீ.க்குக் கீழே வந்த பிறகுதான் அடங்கியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கையைப் பார்த்தேன், நடுங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பில் கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள்ளே விடாதே, மேலேயே வை என்று சின்ன வயதில் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். அன்றைக்குப் பழக்கத்தில் மேலே வைத்திருந்ததால் விரல் பிழைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. எல்லோரும் டயர் என்றார்கள், டயரை மாற்றி பேலன்ஸ் பார்த்தேன். 40-ல் ஆடியது 43-ல் ஆடியது. அப்புறம் டை ராட் எண்டு. இந்த வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து ஒரு டிராக் லிங்க் வந்து, முன் குறுக்குச் சட்டத்தில் இருக்கும் பெல் கிராங்கைத் திருப்பும், அதிலிருந்து இடப்பக்கம் ஒரு ராட், வலப்பக்கம் ஒரு ராட் போகும், ஆக ஆட்டம் வர ஏகப்பட்ட மூட்டு. நாலு எண்டையும் மாற்றினேன். பெல் கிராங்க் பின், புஷ் மாற்றினேன். ஸ்டியரிங் பாக்ஸின் ஆட்டத்தை இறுக்கினேன். டோ-இன், அதாவது முன்சக்கரம் இரண்டும் முன்னால் எவ்வளவு உள்பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தேன், கையேட்டில் சொன்ன அளவு ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது, இரண்டு சக்கரத்திலும் சாக்பீஸ் கோடு போட்டு டேப்பில் அளந்து சரி செய்தேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் குறைத்தது, எதுவும் தீர்க்கவில்லை.

அடுத்து கிங் பின், அதாவது முன்சக்கரம் இடது வலது திரும்புவதற்கு அச்சாக இருப்பது. இது நல்ல பாடம். கிங் பின் பேரிங்கை மாற்றி, மேலே கீழே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இறுக்கம் சரி செய்ய வேண்டும். ஏலக்காய் நிறுக்கும் பழைய வில் தராசு வீட்டில் இருந்தது, அதை ஸ்டியரிங் கையில் மாட்டி இழுத்து எத்தனை கனத்தில் நகர்கிறது என்று பார்த்துப் பார்த்து ஷிம்மைக் குறைத்தேன். ஆசை யாரை விட்டது, சொன்ன அளவைத் தாண்டி இன்னும் ஒரு ஷிம்மை எடுத்துவிட்டேன். ஆட்டம் நின்றுவிட்டது! இரண்டு வாரம் ராஜாவாக ஓட்டினேன். ஸ்டியரிங் கல்லு மாதிரி இருந்தது, திருப்பினால் தானாக நேருக்கு வரவில்லை, வளைவு முடிந்ததும் நான்தான் பிடித்து இழுத்து நேராக்க வேண்டும். அது பெரிய குறையாகத் தெரியவில்லை, பழைய வண்டி இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் புது பேரிங் கொஞ்சம் உட்கார்ந்ததும் ஆட்டம் திரும்ப வந்தது. நோய் போகாமல் இருமலை மட்டும் அமுக்கி வைத்த கதை. ஸ்டியரிங் டேம்பர் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொன்னார்கள், அதுவும் இதே அமுக்கல் வேலைதான்.

ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை என்று சொன்னேனே, அதுதான் இரண்டாவது துப்பு. அதையும் கோட்டைவிட்டேன்.

மே மாதம். போடியில் ஒரு பாய் இருக்கிறார், எழுபது தாண்டியவர், கடையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அதுவரை அவரிடம் போகாததற்குக் காரணம் வெட்கம்தான், வீட்டிலேயே எல்லாம் செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் எழுந்திருக்கவில்லை. முன்பக்கத்தைப் பார்த்தார், குனிந்து பட்டையையும், அதன் முனையை ஃப்ரேமோடு சேர்க்கும் ஷேக்கிளையும் பார்த்தார்.

"ஷேக்கிள் நீளமா இருக்கே, அது மாத்தலியா?"

"இல்ல பாய், அது நல்லா இருந்துச்சு, புஷ் மட்டும் போட்டேன்."

"அப்ப ஆப்பு எங்க தம்பி?"

எனக்குப் புரியவில்லை. அவர் கையால் சரிவாகக் காட்டினார். "உங்க தாத்தா வண்டிக்கு லாரிப் பட்டையில நான்தான் சீவிக் குடுத்தேன். ரெண்டு."

அந்த நிமிஷம் என் முகம் எப்படி இருந்தது என்று அவர் மகனிடம்தான் கேட்க வேண்டும்.

நடந்தது இதுதான். டீசல் எஞ்சின் ஏற்றியதும் முன்பக்கம் கனத்தில் தாழ்ந்துவிட்டது. அதைத் தூக்க தாத்தா நீளமான ஷேக்கிள் போட்டார். இந்த ஜீப்பில் முன் பட்டைக்கு ஷேக்கிள் முன்முனையில் இருக்கும், பின்முனை ஃப்ரேமில் நிலையாகப் பிடித்திருக்கும். முன்முனை ஷேக்கிளை நீட்டினால் பட்டை மூக்கு தாழ்ந்து சாயும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆக்சிலும் அதோடு முன்னால் சாயும். கிங் பின்னின் தலை பின்பக்கமாக 3 டிகிரி சாய்ந்து இருக்க வேண்டும் என்பது கையேட்டுக் கணக்கு, அதற்குப் பெயர் கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், ஹேண்டில் பக்கம் பின்னால் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சக்கரம் தானாக நேரே வருகிறது. அந்தச் சாய்வு போய்விட்டால் சக்கரத்துக்கு நேர் எது என்றே தெரியாது, ஒரு பள்ளம் தட்டிவிட்டால் இந்தப் பக்கம் போய், திரும்பி வந்து, அந்தப் பக்கம் போய், ஆட ஆரம்பித்துவிடும். ஷேக்கிளில் போன சாய்வைத் திரும்பக் கொண்டுவர பாய் வைத்ததுதான் அந்த ஆப்பு. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில், தடித்த முனை முன்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் இருக்கிற சாய்வும் போய்விடும்.

வீட்டுக்கு வந்து கிங் பின்னின் கீழ்மூடி தட்டையாக இருக்கும் இடத்தில் போனை வைத்துச் சாய்வு பார்த்தேன், ஏறக்குறைய பூஜ்யம். நான்கு மாதமாக இந்தப் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நீள ஷேக்கிளைக் கழற்றிவிட்டுப் பழைய அளவு ஷேக்கிளைப் போட்டால் ஆப்பே தேவையில்லையே என்று கேட்கலாம், நானும் பாயிடம் கேட்டேன். போடலாம், ஆனால் இந்த எஞ்சின் கனத்துக்கு முன்பக்கம் இறங்கி, பள்ளத்தில் ஆக்சில் மேலே முட்டும், டை ராட் சாய்வும் மாறும். பெட்ரோல் எஞ்சின் திரும்ப வைக்கிறதாக இருந்தால் ஷேக்கிளை மாத்து, இல்லையென்றால் ஆப்பு வை என்றார். ஆப்பு வைப்பதால் முன் டிஃபரென்ஷியலின் மூக்கு கொஞ்சம் தாழும், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்குக் கோணம் கூடும் என்பதையும் அவரே சொன்னார். அதனால் 3 டிகிரிக்கு மேல் பேராசைப்பட வேண்டாம் என்று முடிவு. லேத்தில் புது ஜோடி கடையச் சொன்னோம், ஐந்து அங்குல நீளத்துக்கு இரண்டு முனைக்கும் கால் அங்குல வித்தியாசம் இருந்தால் 3 டிகிரி வந்துவிடும். கூடவே தலை உயரமான சென்டர் போல்ட் இரண்டு. அதைக் கையில் வாங்கியபோதுதான் பழைய போல்ட் ஞாபகம் வந்தது. ஆப்புக்குள் தலை மறைந்துபோனால் ஆக்சில் பேடின் குழியில் உட்கார எதுவும் இருக்காது, ஆக்சில் நகர்ந்துவிடும். அதற்காகத்தான் அந்த உயரம்.

ஆப்பை மாட்டி, கிங் பின்னில் நான் பேராசையில் எடுத்த ஷிம்மைத் திரும்ப வைத்து, டோ-இன் மறுபடி பார்த்து, அதே முந்தல் ரோடு, அதே பள்ளம். 40-ல் வேண்டுமென்றே இறக்கினேன். ஸ்டியரிங் ஒரு தடவை உதறிவிட்டு நேரே வந்தது. 55 வரை போய்ப் பார்த்தேன், அதற்கு மேல் இந்த வண்டியில் போவது மரியாதையும் இல்லை.

இதில் ரொம்ப வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. தாத்தா வண்டிச் செலவுக்குத் தனியாக ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தார். வேலையை ஆரம்பிக்கும் முன்பே அதை முழுக்கப் படித்தேன். 1986 பக்கத்தில் எஞ்சின் செலவுக்குக் கீழே "ஆப்பு 2" என்று ஒரு வரி இருந்தது. மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற மரக்கட்டை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். ஆப்பசைத்த குரங்கு கதையைச் சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

காசுக் கணக்கு கேட்பார்கள் என்பதால்: மொத்தம் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதில் ஆட்டத்தைத் துரத்தியதில் போனது மட்டும் முப்பத்தொன்றாயிரம். ஆப்பு ஜோடிக்கும் போல்ட்டுக்கும் லேத்தில் வாங்கியது அறுநூறு ரூபாய். பாய் காசு வாங்கவில்லை, ஏலக்காய் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார். முப்பத்தொன்றாயிரமும் தண்டம் என்று சொல்ல மாட்டேன், பெல் கிராங்க்கும் கிங் பின்னும் எப்படியும் மாற்ற வேண்டியவைதான், ஆனால் சரியான வரிசையில் போயிருந்தால் டயர் செலவாவது மிஞ்சியிருக்கும்.

பேப்பர் விஷயம் கொஞ்சம். பரம்பரையாக வரும் வண்டிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஓனர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டால் மூன்று மாதம் அப்படியே ஓட்டலாம், அதற்குள் 31-ம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் துக்க வீட்டில் யார் இதை நினைத்தோம், எதையும் செய்யவில்லை. பிறகு வாரிசுச் சான்றிதழ், சித்தப்பா, அத்தைகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்துத்தான் மாற்ற முடிந்தது. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. எங்களைக் காப்பாற்றியது பழைய அட்டை ஆர்.சி. புத்தகம். எஞ்சின் மாற்றியதும் தாத்தா அன்றைக்கே அதில் டீசல் என்று எழுதி சீல் வாங்கிவைத்திருந்தார். இதைச் செய்யாமல் எஞ்சின் மாற்றிய வண்டிகள் நம் பக்கம் எத்தனையோ ஓடுகின்றன, வாங்கும்போது புத்தகத்தில் பெட்ரோல் என்றும் பானெட்டுக்குள் டீசல் என்றும் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் யோசியுங்கள். சேஸி நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும், அதனால் ஃப்ரேமுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் அந்த இடத்தில் பட்டி பூசிவிடாதீர்கள், நான் பூசிவிட்டுச் சுரண்டினேன்.

ஜூன் முதல் வாரம் போடிமெட்டு ஏறினோம். அப்பத்தா முன் சீட்டில், தம்பி பின்னால். இந்த கியர் பாக்ஸில் மூன்று கியர்தான், முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திணறினால் நின்றுவிட்டுத்தான் ஒன்றுக்கு மாற்ற முடியும். மேலே பூப்பாறை தாண்டித் தோட்டத்துப் பாதை மண் ரோடு, முந்தின நாள் மழை. இரண்டாவது லீவரைப் போட்டு முன்சக்கரத்தை இணைத்து, அதற்குப் பிறகு லோவுக்குத் தள்ளினேன், முன்சக்கரம் இணையாமல் லோ விழாது. லோவில் வேகம் 2.46 மடங்கு குறையும் என்று படித்தால் ஒன்றும் தெரியாது. மனிதன் நடக்கிற வேகத்தில் வண்டி சேற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்க்க வேண்டும், ஆக்சிலேட்டரில் கால் இல்லை. அப்பத்தா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தது, "அவரு ஓட்டுனா இவ்ளோ ஆட்டாது" என்று.

மேலே ஏறி நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸின் சீல் கசிந்து அந்த டிரம்முக்குள் ஆயில் இறங்கியிருக்கிறது, அதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை தம்பி சீட்டுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை வைத்திருக்கிறான், மேட்டில் நிறுத்தினால் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு ஆப்பு வைப்பது அவன் வேலை.